கத்தியின் கூரும் பட்டையின் ஆயுளும்

(ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று மாலை நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் கத்தி தீட்டுதல். இதைக் கேட்டதும் உங்களுள் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். இருபது முப்பது ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து வெட்டுக்காட்டுக்குச் செல்பவர்களுக்குக் கத்தி தீட்டவும் ஓர் உரை வேண்டுமா என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. உண்மையில், இங்கு அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டவற்றைத்தான் நாங்கள் இங்கே திரும்பச் சொல்லப் போகிறோம். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், பால்வெட்டில் தேர்ந்த கைகள் குறைந்து வருகின்றன. தந்தையிடமிருந்து மகனும், தாயிடமிருந்து மகளும் லயத்து வாசற்படியில் அமர்ந்து கற்றுக்கொண்ட இந்தக் கைவேலை, புதிதாக வந்தவர்களுக்குக் கிட்டாமற் போய்விடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவரிடம், “தம்பி, கத்தி மழுங்கியிருக்கிறதே, தீட்டக்கூடாதா?” என்று கேட்டோம். “அண்ணே, பால் வருகிறதே, பிறகு என்ன?” என்று அவர் மறுமொழி கூறினார். அந்த விடையில்தான் முழு ஆபத்தும் அடங்கியிருக்கிறது. மழுங்கிய கத்தியாலும் பால் வரும், இன்றைக்கு வரும். அதனால் ஏற்படும் இழப்பு இன்றைய மங்கில் தெரிவதில்லை. ஐந்து, பத்து ஆண்டுகள் கழிந்தபின் மரத்தின் பட்டையில் தெரிகிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் முறையில், மழை நாள்களும் விடுமுறைகளும் போக, ஒரு மரத்தை ஆண்டுக்கு 160 முறை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். கூரிய கத்தியால் ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவினால் ஆண்டுக்கு 24 சென்டிமீட்டர் செலவாகும். மழுங்கிய கத்தி மெல்லியதாகச் சீவாது; அழுத்தி இழுக்க வேண்டும்; அழுத்தினால் சீவல் தடிக்கும். 2.2 மில்லிமீட்டர் என்றே வையுங்கள். ஆண்டுக்கு 35 சென்டிமீட்டர் போய்விடும். வெட்டுவதற்கு 120 சென்டிமீட்டர் உயரப் பட்டை இருக்குமாயின், முதல் தொழிலாளிக்கு அது ஐந்தாண்டு வரும். இரண்டாமவருக்கு மூன்றரை ஆண்டுகூட வராது. இரு பக்கப் பட்டையையும் சேர்த்தால் ஒருவருக்குப் பத்தாண்டு, மற்றவருக்கு ஏழாண்டுக்கும் குறைவு. வெட்டிய இடத்தில் மீண்டும் வளரும் பட்டை முதிர்ந்து தடிப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகளேனும் வேண்டும். ஆகவே முதலாமவர் திரும்பி வரும்போது மரம் அவருக்காகப் பட்டையுடன் காத்திருக்கும். இரண்டாமவர் திரும்பி வரும்போது மரம் இன்னும் ஆறிக்கொண்டிருக்கும். இடையில் உள்ள வேறுபாடு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதை மறவாதீர்கள்.

மரத்தைச் சீவிப் பாலெடுக்கும் இம்முறை எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால், கத்தியின் கூர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இன்னும் தெளிவாகும். 1877-ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்நாளில் ரப்பரின் தாயகமான பிரேசில் காடுகளில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்து வந்தனர். கொத்திய மரத்தில் காயம் ஆழமாக விழுந்து, முண்டும் முடிச்சுமாக ஆறும். சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1888 முதல் பணியாற்றிய ஹென்றி ரிட்லி என்பவர், 1890-களில் வேறு வழி கண்டார். மரத்தை ஆழமாகக் கொத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் கீழ் ஓரத்தை மறுபடியும் மெல்லியதாகச் சீவினால், மரம் கெடாமல் நெடுங்காலம் பால் தரும் என்பதை அவர் காட்டினார். ரப்பர் பயிரிடுமாறு காண்போரிடமெல்லாம் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவரைக் கேலி செய்தார்களாம். பின்னர் அந்தப் பைத்தியத்தால் செல்வம் சேர்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. அந்தச் செல்வத்துக்காக முதுகு வளைந்தவர்கள் யார் என்பதை இந்த மண்டபத்தில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நிற்க. கோடரிக்குக் கூர் அவ்வளவாகத் தேவையில்லை. சீவலுக்கோ கூர்தான் உயிர். ரிட்லி காட்டிய முறை முழுவதும் ஒரு நல்ல கத்தி வாயை நம்பி நிற்கிறது.

பட்டையின் உள்ளமைப்பைச் சற்று நினைவுகூர்வோம். வெளியே செதில் போன்ற காய்ந்த பட்டை. அதனுள் கடினமான பட்டை. அதற்கும் உள்ளே மென்மையான பட்டை. பால் குழாய்கள் மிகுதியாக இருப்பது இந்த உள் மென்பட்டையில். அதற்கு அடுத்து, பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே, தாளைப் போன்ற வளர்படலம் ஒன்று உள்ளது. புதுப் பட்டையை உண்டாக்குவது இதுவே. பால் நிறையக் கிடைக்க வேண்டுமானால் கத்தி இதனை நெருங்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்டு வெட்டுவதே நல்ல வெட்டு. கூரிய கத்தியைப் பிடித்திருக்கும் கை, பட்டையின் மென்மையை விரலால் தடவுவதுபோல் உணரும். மழுங்கிய கத்தி அந்த உணர்வைக் கைக்குத் தருவதில்லை. ஓரிடத்தில் வழுக்கும், அடுத்த இடத்தில் திடீரெனப் பாய்ந்து கட்டையைத் தொடும். காயம் விழுவது அப்போதுதான். அந்தக் காயம் முண்டாக ஆறி, அடுத்த சுற்றில் வெட்ட வருபவருடைய கத்தியைத் தட்டிவிடும். அவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

மேலும் ஒரு கணக்கு. அறுபது சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தில் அரைச் சுற்று வெட்டின் நீளம், சாய்வையும் சேர்த்து, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஐந்நூறு மரங்களை வெட்டினால் அந்தச் சிறு கத்தி வாய் ஒரு காலையில் 175 மீட்டர் பட்டையை அறுக்கிறது. மணலும் தூசும் ஒட்டிய பட்டை அது. இத்தனையும் அறுத்த கத்தி மாலையில் கல்லைக் காணாமல் மறுநாளும் அதே வேலைக்குப் போகுமானால், கத்தி செய்யாத வேலையை மணிக்கட்டும் தோளும் செய்ய வேண்டியதாகிறது. இரவில் கை கடுக்கிறது என்று தைலம் தேடுபவர்கள், தங்கள் கத்தி வாயையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

இனித் தீட்டும் முறைக்கு வருவோம்.

நம் நாட்டில் பெரும்பாலும் கையாளப்படுவது, நம்மை நோக்கி இழுத்து வெட்டும் ஜெபோங் கத்தி. உயரத்தில் மேல்நோக்கி வெட்டுவதற்கு, நீண்ட பிடி பொருத்திய தள்ளு உளியும் பயன்படுகிறது. ஜெபோங் கத்தியின் வாய் நேரானதன்று. மடித்த இலைபோல் இரு இதழ்களும் அவை சேரும் ஒரு மூலையும் உடையது. வெட்டுவாய்க்காலை உண்டாக்குவது அந்த மூலை. சமையற்கத்தியைத் தீட்டத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கத்தியிடம் தோற்றுப் போவது அம்மூலையினால்தான்.

முதலில் கத்தியைக் கழுவ வேண்டும். காய்ந்த பால் ஒட்டிய கத்தியைக் கல்லில் வைத்தால், கல்லின் நுண்துளைகளில் ரப்பர் அடைந்து கல் வழுக்கத் தொடங்கும். பிறகு எத்தனை முறை தேய்த்தாலும் பயனில்லை. கழுவித் துடைத்த கத்தியின் வாயைப் பகல் வெளிச்சத்தில், சற்றே சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். அடிபட்டுப் பல் விழுந்த இடமும் அப்போதே தெரியும். எங்கே எவ்வளவு தீட்ட வேண்டும் என்பதைக் கண் சொல்லிவிடும்.

கல்லைப் பற்றி ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கல் பெரும்பாலும் கார்போரண்டம் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நுண்மை. கல்லின்மேல் எண் அச்சிட்டிருந்தால், எண் சிறிதாயின் பரல் பெரிது, எண் பெரிதாயின் பரல் நுண்ணியது என்று கொள்க. செயற்கைக் கல் வருவதற்கு முன்னர், அரைத்த குருந்தக்கல்லை அரக்குடன் சேர்த்துச் சாணை செய்தனர் நம் முன்னோர். ஆங்கிலத்தில் அந்தக் கல்லை ‘கொரண்டம்’ என்று அழைக்கிறார்கள். அச்சொல் நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்து சென்றது என்று அகராதிகள் குறிப்பிடுகின்றன. கத்தி தீட்டுவது நமக்கு நேற்று வந்த வேலையன்று!

பல் விழுந்த கத்தியையும் புதுக் கத்தியையும் மட்டுமே சொரசொரப்பான பக்கத்தில் தொடங்க வேண்டும். அன்றாடத் தீட்டலுக்கு நுண்பக்கமே போதும். கல்லில் தண்ணீரோ எண்ணெயோ இடுக. ஆனால் ஒரு கல்லுக்கு ஒன்றே. இன்று எண்ணெய், நாளை தண்ணீர் என்று மாற்றினால் கல் கெடும்.

கத்தி வாயை உற்றுப் பார்த்தால் அதற்கொரு சரிவு முகம் இருப்பது தெரியும். அந்தச் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். மறுபக்கம் பிசிறு எடுப்பதற்கு மட்டுமே. சரிவு முகம் முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, ஒரே சாய்வில், அவசரமில்லாமல் தேய்த்து வருக. ஓர் இதழைப் பத்து முறை தேய்த்தால் மறு இதழையும் பத்து முறை தேய்க்க வேண்டும். ஒன்று மிகுதியாகத் தேய்ந்தால் மூலை ஒருபுறம் ஒதுங்கும். மூலை மழுங்கி உருண்டுவிட்டால் வெட்டுவாய்க்காலும் ஆழமின்றித் தட்டையாகும். பால் கோட்டில் ஓடாமல் பட்டைமேல் வழிந்து, மங்கில் சேர வேண்டியது மண்ணில் சேரும். ஆகவே மூலையைக் கல்லின் கூர் ஓரத்தில் தனியே, மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும்.

இவ்வாறு தேய்த்து வரும்போது வாயின் மறுபுறத்தில் மயிரிழை போன்ற பிசிறு எழும். கட்டைவிரலை வாயின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே தடவினால் அது நெருடும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டுவது கூடவே கூடாது. பிசிறு வாய் முழுவதும், மூலையிலும்கூட, எழும்வரை தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். பிசிறு எழாத இடம் இன்னும் கூரடையாத இடம். எழுந்தபின், ஓரம் மெலிந்த சிறு கல்லை உட்புறத்தில் தட்டையாகப் படியவைத்து, இரண்டு மூன்று முறை இழுத்தால் பிசிறு விழும். சிலர் இங்கே கல்லைச் சாய்த்துவிடுகிறார்கள். சாய்த்தால் கூரும் சேர்ந்து போய்விடும். இறுதியாக, பழைய தோல் வாரில் அல்லது மென்மரத் துண்டில், வாய்க்கு எதிர்த்திசையில் நாலைந்து முறை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. தினமும் செய்பவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. வாரத்துக்கு ஒருமுறை செய்பவருக்கு ஒரு மணி நேரமும் போதாது.

சாய்வு மாறாமல் தேய்ப்பதுதான் புதியவர்களுக்குக் கடினம். கை ஆடும். ஆடினால் சரிவு முகம் வயிறு போலப் புடைக்கும்; புடைத்த கத்தி பளபளக்கும், ஆனால் வெட்டாது. இதற்கு இரண்டு உதவிகள் உண்டு. முதலாவது, சரிவு முகத்தில் பேனா மையைத் தடவிவிட்டு இரண்டு முறை கல்லில் தேய்த்துப் பார்ப்பது. வாயோரத்தில் மட்டும் மை அழிந்தால் கத்தியை மிகையாகத் தூக்கிவிட்டீர்கள். பின்னோரத்தில் மட்டும் அழிந்தால் போதிய அளவு தூக்கவில்லை. முழுவதும் சீராக அழியும் சாய்வே உங்கள் கத்திக்கு உரிய சாய்வு. காசு செலவில்லாத ஆசிரியர் இந்த மை.

இரண்டாவது, ஒரு மரக்கட்டை. கத்தியின் பிடியைப் பலகையில் அசையாமல் இறுக்கிவிட்டு, கத்தியை ஆட்டாமல் கல்லை மட்டும் ஆட்ட வேண்டும். கல்லின் ஒரு முனை சரிவு முகத்தில் படிந்திருக்கும்போது, மறுமுனை ஒரு குறுக்குக் கட்டையின்மேல் தங்குமாறு அதன் உயரத்தை அமைத்து ஆணியடித்துவிட்டால், எத்தனை முறை இழுத்தாலும் சாய்வு மாறாது. கடைகளில் கம்பியும் பிடியும் சேர்த்து விற்கும் தீட்டுக் கருவிகளின் தத்துவமும் இதுவே. அக்கருவிகள் வீட்டுக் கத்திக்கு நன்கு பயன்படும். நேரான வாய்க்கென்று செய்யப்பட்டவையாதலால் பால்வெட்டுக் கத்தியின் மூலைக்கு அவை உதவா. அதற்குக் கைதான் பழக வேண்டும்.

பாராங்கையும் சமையற்கத்தியையும் பற்றி ஒரு குறிப்புடன் நிறுத்திக்கொள்வோம். கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் சாய்வு ஏறக்குறைய 20 பாகை வரும். சமையற்கத்திக்கு அது போதும். காட்டில் வெட்டும் பாராங்குக்கு இன்னும் சற்றே தூக்கித் தீட்டினால் வாய் விரைவில் பெயராது.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் கூறிவிட வேண்டும். வேலைக்குப் புதிதில், பல் விழுந்த கத்தியொன்றை விரைவில் சரிசெய்ய எண்ணி, மோட்டாரில் சுழலும் சாணைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினோம். பொறி பறந்தது, பார்க்க அழகாக இருந்தது. சில நொடிகளில் வாயோரம் வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, நீலமாயிற்று. அன்று மாலை கல்லில் தீட்டியபோது கத்தி வழக்கத்தைவிட எளிதாகக் கூரடைந்தது. மகிழ்ந்துபோனோம். மறுநாள் முப்பது மரம் வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிட்டது. அருகிலிருந்த அம்மா ஒருவர் கத்தியை வாங்கிப் பார்த்து, “கத்தியைச் சுட்டுட்டியேப்பா” என்றார். எஃகின் உறுதி அதற்கு ஊட்டிய பதத்தில் இருக்கிறது. சூடு ஏறக்குறைய 220 பாகை செல்சியஸை எட்டும்போது வைக்கோல் நிறம் தோன்றும். 300 பாகையை ஒட்டி நீலம் வரும். நீலம் கண்ட இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்பதே பொருள். அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்து அகற்றும்வரை கத்தி நிற்காது. சக்கரத்தைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமானால், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, அழுத்தாமல், இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனைத்து வேலை செய்க. விரலால் தொட முடியாத சூடு கத்திக்கும் ஆகாது.

தீட்டித் தீட்டிக் கல்லின் நடுவில் குழி விழும். குழிவிழுந்த கல்லில் நேரான வாய் வராது. சமமான சிமெந்துத் தரையில் மணலும் தண்ணீரும் இட்டுக் கல்லை வட்டமாகத் தேய்த்தால் மீண்டும் சமமாகும். பழைய லயங்களின் சாக்கடை ஓரங்களில் கத்தி தீட்டியே தேய்ந்த பள்ளங்களை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளங்கள் உழைப்பின் அடையாளம்தான், ஐயமில்லை. ஆயினும் அதே பள்ளத்தில் தொடர்ந்து தீட்டியதால் எத்தனை கத்திகளின் வாய் வளைந்ததோ!

மழைக்காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெட்டிய பட்டையில் பூசண அழுகல் நோய் கண்ட மரங்கள் உங்கள் நிரையில் இருக்குமானால், அந்நோய் ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குக் கத்தியின் மூலமும் செல்லும். நோய்கண்ட மரத்தை வெட்டிய கத்தியைத் தோட்டத்தில் தரும் கிருமிக்கொல்லி நீரில் நனைத்துத் துடைத்த பின்னரே அடுத்த மரத்தைத் தொட வேண்டும். அத்தகைய மரங்களைக் கண்டால் மண்டோரிடம் உடனே தெரிவியுங்கள்.

தீட்டிய கத்தியைத் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி, உறையில் இட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்லும்போது, உறையில்லாத கத்தியை இடுப்பில் செருகிக்கொள்ளும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. விழுந்தால் என்னவாகும் என்பதை நாங்கள் விவரிக்க விரும்பவில்லை. கையில் ஆழமாக வெட்டுப்பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடிக்கப் பார்க்காமல் மருந்தகத்துக்குச் சென்று காட்டுங்கள். இழுப்பு நோய்த் தடுப்பூசி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோ, இந்த மேசைமேல் நான்கு கற்களும், ஓரம் மெலிந்த சிறு கற்கள் இரண்டும், மைப் புட்டி ஒன்றும் வைத்திருக்கிறோம். கத்தி கொண்டுவந்திருப்பவர்கள் இப்போது முன்னே வாருங்கள். முதலில் நம் மூத்த தொழிலாளர்கள் தீட்டிக் காட்டுவார்கள். பிறகு, “பால் வருகிறதே” என்று சொன்ன அந்தத் தம்பியின் கத்திக்கு மை தடவிப் பார்ப்போம்.